பல்லி சொன்னால் கேட்கும் ஊர்

காஞ்சிபுரத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். பட்டுப்புடவைக்கு வருகிறவர்கள், கோயிலுக்கு வருகிறவர்கள். இரண்டாவது ரகம் வரதராஜப் பெருமாளைச் சேவித்த கையோடு இன்னொரு க்யூவில் நின்று, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பும். தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும் என்பது நம்பிக்கை.

பல்லி விழுந்தால் மட்டுமல்ல, பல்லி சொன்னாலும் பலன் உண்டு. கல்யாணப் பேச்சு மும்முரமாக நடக்கும்போது சுவர் மூலையிலிருந்து 'ச்சு ச்சு' என்று ஒரு சத்தம் வந்தால் போதும். "பாரு, பல்லியே சொல்லிடுச்சு" என்று பாட்டி தீர்ப்பு எழுதிவிடுவார். எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கிறது.

மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிவி சீரியல், மிக்ஸி, தெருவில் ஹாரன்... இத்தனைக்கும் நடுவில் அந்தத் துளியூண்டு சத்தம் பாட்டியின் காதில் விழுகிறது. ஏன்? அதற்கு அர்த்தம் உண்டு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதே வீட்டுக் கொல்லையில் மழை பெய்த ராத்திரி தவளைகள் கச்சேரி வைக்கின்றன. அதற்குப் பலன் எழுதி வைக்க ஆளில்லை. அதனால் அது யார் காதிலும் ஏறுவதில்லை.

இந்தப் பலன் இல்லாத சத்தங்களை எப்படிக் கேட்க வைப்பது? காது வழியாக முடியாவிட்டால் கண் வழியாக, என்று கிளம்பியிருக்கிறது ஒரு வகைக் கலை. சத்தத்துக்கு ஏற்ப அசையும் வெளிச்சம்.

இதில் பெரிய பெயர் பெர்னி க்ராஸ். 1938ல் பிறந்த அமெரிக்கர். 1963ல் அவர் பாடிக்கொண்டிருந்த நாட்டுப்புற இசைக்குழுவின் பெயர் என்ன தெரியுமா? 'தி வீவர்ஸ்'. அதாவது நெசவாளர்கள்! (பிள்ளையார்பாளையத்துக்காரர்கள் இந்த இடத்தில் கைதட்டிக்கொள்ளலாம் :-)) பிறகு சிந்தஸைசர் பக்கம் போனார். 1968ல் ஒரு ஆல்பத்துக்காக மைக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவர், அதன் பிறகு காட்டை விடவே இல்லை. 5,000 மணி நேரத்துக்கு மேல் பதிவுகள், சுமார் 15,000 உயிரினங்களின் குரல்கள்.

அந்தப் பதிவுகளை வைத்து 2016ல் பாரிஸில் உள்ள கார்த்தியே அறக்கட்டளையின் அரங்கில் 'தி கிரேட் அனிமல் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற கண்காட்சி நடந்தது. லண்டனைச் சேர்ந்த யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற குழு அந்தச் சத்தங்களை வெளிச்சமாக மாற்றியது. இருட்டான பெரிய அறை. ஸ்பீக்கர்களில் அமேசான் காடு கேட்கிறது. கேட்கக் கேட்க, சுவர் முழுக்க ஒளிக்கோடுகள் ஓடுகின்றன.

என்ன கோடுகள் அவை? காஞ்சிபுரத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு புடவையை நீளவாக்கில் விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளம்தான் நேரம். கீழ்க்கரையில் கனத்த சத்தங்கள், மேல்கரையில் கீச்சுக் குரல்கள். எந்தச் சத்தம் பலமாக இருக்கிறதோ அந்த இடத்தில் ஜரிகை மாதிரி மின்னும். ஒரு பூச்சி விடாமல் ரீங்கரித்தால் மேலே நேர்க்கோடு. ஒரு பறவை கூவினால் நடுவில் ஒரு புட்டா.

அழகு மட்டும் இல்லை, இதில் ஒரு சேதி இருக்கிறது. வளமான காட்டில் ஒவ்வொரு உயிரும் தனக்கென்று ஒரு இடம் பிடித்துக்கொண்டு கத்துகிறது என்கிறார் க்ராஸ். எஃப்எம் ஸ்டேஷன்கள் ஒன்றின் அலைவரிசையில் இன்னொன்று நுழையாத மாதிரி. பூச்சிக்கு ஒரு தளம், தவளைக்கு ஒரு தளம், பறவைக்கு ஒரு தளம். காதில் வெறும் இரைச்சலாக விழுவது, சுவரில் ஒழுங்கான நெசவாகத் தெரிகிறது.

அப்படியானால் நூல் அறுந்தாலும் தெரிய வேண்டுமே? தெரிந்தது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்று ஒரு புல்வெளி. அங்கே மரம் வெட்ட ஒரு கம்பெனி வந்தது. மொத்தமாக அழிக்க மாட்டோம், இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் வெட்டுவோம், சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பே வராது என்றார்கள். 1988ல், வெட்டுவதற்கு முன்பு, க்ராஸ் அங்கே பதிவு செய்தார். வெட்டிய பிறகு அடுத்த வருஷம் அதே நாளில், அதே நேரத்தில், அதே இடத்தில் மறுபடியும் பதிவு செய்தார். கண்ணுக்கு எல்லாம் அப்படியே இருந்தது. போட்டோ எடுத்தால் வித்தியாசமே தெரியாது. சத்தப் படத்தில் மட்டும் பறவைகள் இருந்த இடம் காலி. ஓடையின் சலசலப்பும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் மிச்சம்.

கண் பொய் சொன்னது, காது உண்மை சொன்னது. அந்த உண்மையைக் கண்ணுக்குக் காட்டத்தான் வெளிச்சம் தேவைப்பட்டது.

அவர் சேகரித்த இடங்களில் ஏறக்குறைய சரிபாதி இன்று அந்தப் பழைய குரலில் பேசுவதில்லையாம். 2017 அக்டோபரில் கலிஃபோர்னியா காட்டுத்தீயில் அவர் வீடும் எரிந்தது. பதிவுகளின் நகல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. பல காடுகளுக்கு அப்படி நகல் எதுவும் கிடையாது.

உடனே யாராவது, "சூப்பர், இதே மாதிரி வேடந்தாங்கல் ஏரியில் லைட் போட்டால் டூரிஸ்ட் வருவார்களே" என்று கிளம்பலாம். தயவுசெய்து வேண்டாம். ராத்திரி வெளிச்சம் பறவைகளுக்குத் தொந்தரவு. இந்தக் கலை இருக்கவேண்டிய இடம் ஊருக்குள், நான்கு சுவருக்குள். ஏரிக்கு இருட்டே அழகு.

தவிர, வேடந்தாங்கல்காரர்களுக்கு இந்தப் பாடம் தேவையே இல்லை. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் போடும் சத்தத்துக்கு அங்கே 'நல்ல விளைச்சல்' என்று பலன். அதனால்தான் 18-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு வாங்கி வைத்தார்கள். இன்றும் அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் முழுக்க அதிரும் ராத்திரியில், விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பது லேசான காரியமா? அதுவும் குழந்தைகளை வைத்துக்கொண்டு?

ஆனால் எல்லாச் சத்தத்துக்கும் இப்படி லாபக் கணக்கு காட்ட முடியாது. கொல்லைத் தவளை கத்துவதால் யாருக்கும் உரச் செலவு மிச்சமாகப் போவதில்லை. தவளை வாய் மூடினால் மறுநாள் பேப்பரில் நியூஸும் வராது. அந்த மாதிரி அநாதைச் சத்தங்களுக்குத்தான் பாரிஸ் சுவரில் ஓடியது போன்ற வெளிச்சம் வேண்டியிருக்கிறது. பலன் சொல்லும் பஞ்சாங்கமாக இல்லாவிட்டாலும், 'இப்படி ஒன்று இருக்கிறது பார்' என்று சொல்லும் ஒரு விரலாக.

அதுவரைக்கும் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அடுத்த முறை பல்லி சொல்லும்போது பலனைப் பார்த்துவிட்டு அப்படியே பேச்சுக்குத் திரும்பிவிடாதீர்கள். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். பல்லிக்குப் பின்னால் வேறு யார் யாரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்கும்.