யாரால் நுழைய முடியவில்லை?

சர்வரின் ஓஎஸ்ஸை மாற்றிய மறுநாள் காலையில் வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "சார், பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது." அதை நம்பி உடனே ரீசெட் செய்து கொடுப்பதில்லை நான். உள்ளே எது கெட்டிருந்தாலும் லாகின் திரை பெரும்பாலும் அந்த ஒரு பதிலைத்தான் சொல்லும். வெளியாள் துப்பறிந்துவிடக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் யாரால் நுழைய முடியவில்லை, யாரால் முடிகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு முடிந்ததால் ராக்கி லினக்ஸ் 9, அல்மா லினக்ஸ் 9 என்று மாறியவர்கள் நிறையப் பேர். பயனர் பட்டியல் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும். லினக்ஸ் பக்கமிருந்து அதனுடன் பேசுவது எஸ்எஸ்எஸ்டி. இந்தப் பெயருக்கு எண் என்ன, பாஸ்வேர்ட் சரியா, இந்த மெஷினுக்குள் விடலாமா, ஹோம் டைரக்டரி எங்கே என்று நாலு கேள்விக்கும் விடை கிடைத்தால்தான் ஒருவர் உள்ளே போய் வேலை பார்க்க முடியும். நாலையும் தனித்தனியே சோதிக்கலாம். 'ஐடி' கட்டளை பெயருக்கு எண் சொல்கிறதா, 'கேஇனிட்' கெர்பரோஸ் டிக்கெட் வாங்குகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும் என்பதால் நேரத்தையும் கையோடு பார்த்துவிடுவேன்.

இதில் கேஷ் ஒரு பொய்சாட்சி. டைரக்டரியோடு தொடர்பு அறுந்தாலும், முன்பு நுழைந்தவரை எஸ்எஸ்எஸ்டி தன் கேஷை வைத்தே உள்ளே விட்டுவிடலாம். புதிதாக வருபவர்தான் மாட்டுவார். "எனக்கு வருதே" என்று மேனேஜர் சொல்வதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. அதற்காகத் தொடர்பு சரியாகும் முன்பே கேஷை அழித்தால், வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களும் வெளியே நிற்பார்கள்.

எனக்குப் பிடித்த சிக்கல் இது: புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் நுழைகிறார்கள், வருடக்கணக்காக இருக்கும் சிலருக்கும், ராத்திரி பேக்கப் ஓட்டும் சர்வீஸ் அக்கவுண்டுக்கும் மட்டும் கதவு திறப்பதில்லை. அந்த அக்கவுண்டில் 'கேஇனிட்' ஓட்டினால், இந்த என்கிரிப்ஷன் வகைக்கு ஆதரவில்லை என்று பதில் வரும். 9-ஆம் பதிப்பின் இயல்பான கிரிப்டோ பாலிசி ஆர்சி4 என்ற பழைய வகையை ஏற்பதில்லை. ஆக்டிவ் டைரக்டரியோ, டொமைன் 2008 நிலைக்கு உயர்ந்த பிறகு பாஸ்வேர்ட் மாற்றப்பட்டால்தான் அந்த அக்கவுண்டுக்கு ஏஇஎஸ் சாவி உண்டாக்கும். அதற்கு முன்பு வைத்த பாஸ்வேர்டை, காலாவதியே ஆகாது என்று டிக் போட்டு விட்டுவைத்திருந்தால் அதற்கு ஆர்சி4 சாவிதான் இருக்கும். ரீசெட் செய்யத் தயங்குகிற நானே ரீசெட் செய்யச் சொல்லும் இடம் இது ஒன்றுதான். கிரிப்டோ பாலிசியைத் தளர்த்தி ஆர்சி4-ஐத் திரும்ப அனுமதிக்கவும் வழியுண்டு. 'தற்காலிகமாக' என்று தளர்த்தியதை யாரும் திரும்ப இறுக்கி நான் பார்த்ததில்லை.

லாகின் ஆகிவிட்டது, ஆனால் சொந்தக் கோப்பையே திறக்க முடியவில்லை என்பது வேறு ரகம். 'எல்எஸ்' அடித்தால் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் நிற்கும். டிஸ்கில் கோப்போடு பதிவாவது பெயரல்ல, எண். பழைய சர்வரில் அந்த எண்ணைக் கொடுத்தது, எஸ்எஸ்எஸ்டியின் இடத்தில் இருந்த விண்ட்பைண்ட். புதியதில் எஸ்எஸ்எஸ்டி தன் கணக்குப்படி வேறு எண் கொடுத்திருக்கும். ஜூனியர் பையன்களின் கை உடனே உரிமையாளரை மாற்றும் 'சோன்' கட்டளைக்குப் போகும். அதே ஹோம் டைரக்டரிகளை என்எஃப்எஸ் வழியாக இன்னும் மாற்றாத சர்வர்களும் பகிர்ந்துகொண்டிருந்தால், இங்கே சரியாவது அங்கே கெடும். டைரக்டரியிலேயே யுஐடி எண்கள் பதிவாகியிருந்து, பழைய சர்வரும் அதையே எடுத்திருந்தால், எஸ்எஸ்எஸ்டியையும் அதிலிருந்தே எடுக்கச் சொல்லலாம். இல்லையென்றால், கடைசி சர்வரும் மாறும்வரை புதியதிலும் விண்ட்பைண்டையே, பழைய ஐடிமேப் அமைப்போடும் தரவோடும் ஓட்டுவதுதான் என் வழக்கம்.