பழகிய முகமும் புதிய பொருளும்

மொழிகளின் வேற்றுமையும் இறைவனின் சான்றுகளுள் ஒன்று எனத் திருமறையின் அர்ரூம் அத்தியாயம் உணர்த்துகின்றது. அவ்வேற்றுமையைக் கடக்க மனிதன் எத்துணைப் பாடுபட வேண்டியுள்ளது என்பதை வளைகுடாவில் பணியாற்றிய நாள்களில் நேரில் கண்டேன். மொசாம்பிக் நாட்டு முஸ்லிம் சகோதரர் ஒருவர் அப்போது என்னுடன் ஓர் அறையில் தங்கியிருந்தார்.

மொசாம்பிக் 1975 வரை போர்ச்சுக்கீசியர் ஆட்சியில் இருந்தது. இன்றும் அதன் ஆட்சிமொழி போர்ச்சுக்கீசியமே. ஆனால், அதன் எல்லையைத் தொட்டுக் கிடக்கும் ஆறு நாடுகளிலும் அரசு அலுவல்களில் ஆங்கிலம் வழங்குகின்றது. 1995இல் அந்நாடு காமன்வெல்த்திலும் சேர்ந்தது. ஆகவே ஆங்கிலம் அம்மக்களுக்கு அண்டை வீட்டு மொழி, பிழைப்புக்கோ வாயில்.

அச்சகோதரர் ஆங்கிலச் செய்தித்தாளை ஓரளவு புரிந்துகொள்வார், சமையலறையில் தடுமாறுவார். காரணம் எளிது. 'நேஷன்', 'இன்ஃபர்மேஷன்' போன்ற சொற்கள் இலத்தீன் வழி வந்தவை. போர்ச்சுக்கீசியத்தில் அவை 'நசாவோ', 'இன்ஃபோர்மசாவோ' என நிற்கும். அன்றாடச் சொற்களோ ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. ரொட்டியை 'பாவோ' என்றும், கத்தியை 'ஃபாக்கா' என்றும், வீட்டை 'காசா' என்றும் அறிந்தவருக்கு 'பிரெட்', 'நைஃப்', 'ஹவுஸ்' ஆகியவை முற்றிலும் அந்நியமே. கடினமெனக் கருதும் பெருஞ்சொல் எளிதாகவும், எளிதெனக் கருதும் சிறுசொல் கடினமாகவும் அமைந்தன.

இவற்றினும் இடர் தருவன, உறவினர்போல் தோன்றி ஏமாற்றும் சொற்கள். 'புஷ்' என்று கதவில் கண்டால் அவர் கை அதனை இழுக்கும். அவர் மொழியில் அவ்வொலிக்கு 'இழு' என்பதே பொருள். 'பரென்ட்ஸ்' என்றால் அவருக்குச் சுற்றத்தார் அனைவரும். ஆங்கிலத்திலோ தாய் தந்தையர் மட்டும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில் மேலாளர் அவரது விருப்பத்தை வினவினார். 'அடுத்த ஆண்டும் இங்கேயே உழைக்க எண்ணியுள்ளேன்' என்பதே அவர் உள்ளக் கருத்து. எண்ணுதலுக்கு அவர் மொழியில் 'ப்ரெத்தென்டேர்' என்பது சொல். அதன் சாயலில் ஆங்கிலத்தில் 'ப்ரிட்டெண்ட்' என்றார். உழைப்பதாக நடிக்கப் போகிறேன் என்று பொருள்பட்டுவிட்டது! மேலாளர் முகம் சுருங்கியது. அருகிலிருந்த நான் விளக்கிய பின்னரே ஒப்பந்தம் கைக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் உணவு ஒரு சொல்லில் தொங்கியது. அன்றிரவே அவர் அச்சொல்லை வாக்கியத்தோடு எழுதிச் சுவரில் ஒட்டினார். அதன்பின் நாளுக்கு ஐந்து சொற்கள். ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்துடன்.

ஏமாற்றாத உறவுகளும் உண்டு. நம் ஜன்னல் அவர்களின் 'ஜனேலா'; மேசை 'மெசா'. 711இல் முஸ்லிம்கள் ஐபீரிய மண்ணில் காலடி வைத்தபின் அரபுச் சொற்கள் பல அங்கே வேரூன்றின. 'அஸ்ஸுக்கர்' போர்ச்சுக்கீசியத்தில் 'அசூக்கர்' ஆனது. ஆங்கிலத்தில் 'சுகர்' ஆனது. 'அல்குத்ன்' அங்கே 'அல்கொதாவோ'; இங்கே 'காட்டன்'. நல்லது நடக்கட்டும் என விழையும்போது போர்ச்சுக்கீசியர் கூறும் 'ஒஷலா' என்னும் சொல், அல்லாஹ் நாடினால் என்னும் அரபுத் தொடரின் வழித்தோன்றலே.

மாணவச் செல்வங்களே! ஒரு சொல்லை அதன் முகத்தைக் கண்டு நம்பாதீர். அது வாழும் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ஐயமுற்றால் அகராதியைப் புரட்டத் தயங்காதீர். பெரியோர்களே! புதுமொழியில் தடுமாறும் நாவைக் கண்டு நகையாதீர். அத்தடுமாற்றம் அறியாமையின் அடையாளமன்று. ஏற்கெனவே ஒரு மொழியை நன்கு அறிந்திருப்பதன் அடையாளம். நகைப்புக்கு அஞ்சி மூடிக்கொண்ட வாய் எம்மொழியையும் கற்பதில்லை.