வேனிலே ஒரு வேனில்

"ஆண்டு மலருக்கு நீதான்டா பயணக் கட்டுரை எழுதணும். நம்ம செட்லயே ஏரோப்ளேன் ஏறினவன் நீ ஒருத்தன்தான்" என்று நம் பேரவைச் செயலாளர், ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் என் தட்டைப் பிடித்துக்கொண்டார். எழுதித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ரசம் கிடைத்தது.

நண்பர்களே! இது ஊர் சுற்றிய கதை மட்டுமல்ல, ஓர் அரியர் கதையும்கூட. அரியரே வைக்காத புண்ணியவான்கள் நேராக அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். (யாரும் போகமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்!)

என் அக்கா நர்ஸ். நான்கு வருடமாக ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அத்தான் நம்முடைய பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவர், அங்கே வேன் ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அப்பா போன பிறகு என் ஃபீஸ், ஹாஸ்டல் பில், டிராயிங் போர்டு, எல்லாமே அக்காவின் நைட் டியூட்டிதான். அந்த அக்காவிடம்தான் மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று, "எல்லாம் க்ளியர் அக்கா" என்று கூசாமல் சொன்னேன். மெக்கானிக்ஸ் பேப்பர் போயிருந்தது.

அந்தப் பொய் சும்மா இருக்கவில்லை. "தம்பி நல்லா படிக்கிறான், நாலு வருஷமா அவனப் பாக்கவும் இல்ல" என்று அக்கா ஓவர்டைம் பார்த்துக் காசு சேர்த்து, நான்காம் செமஸ்டர் முடிந்ததும் டிக்கெட் அனுப்பிவிட்டாள். பிளேனில் நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மேகம்... உள்ளே அதைவிடப் பெரிய மேகம்!

ஜூன் முதல் வாரம். அக்காவுக்குச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் லீவு. அங்கே ஹோட்டல் ரூம் எடுத்துத் தங்குவதென்றால் அக்காவின் ஒரு மாதச் சேமிப்பு போய்விடும். அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் பழைய கேம்பர் வேன் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கிளட்சை அத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சும்மாவே சரிசெய்து கொடுத்தார். பதிலுக்கு நான்கு நாள் வேன் எங்களுக்கு, டீசல் மட்டும் எங்கள் செலவு.

கேம்பர் வேன் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: நடமாடும் ஹாஸ்டல் ரூம்! பின்சீட்டை மடக்கினால் கட்டில், பக்கத்தில் ஒற்றை அடுப்பு, கைகழுவும் தொட்டி, மேலே கூரையைத் தூக்கினால் இன்னொரு படுக்கை. அந்த மேல்மாடி எனக்கு ஒதுக்கப்பட்டது. புரண்டு படுத்தால் வேன் முழுக்க ஆடும். கீழேயிருந்து அத்தான், "மாப்ளே, ஒன் சைடு லோடு குடுக்காத!" என்பார். டாய்லெட் கிடையாது. பத்து கிலோ அரிசி, ரவை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

வடக்கு நோக்கி லோமண்ட் ஏரியின் கரையோரமாகவே ரோடு போகிறது. பரப்பளவில் பிரிட்டன் தீவிலேயே பெரிய ஏரி இது. ஏரி முடிந்ததும் வீடுகள் குறைந்தன. பிறகு மரங்களும் குறைந்தன. ராநாக் மூர் என்ற இடத்துக்கு வந்தபோது எதுவுமே இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் பழுப்புப் புல், கறுப்புத் தண்ணீர், பாறை. கால் வைத்தால் உள்ளே இழுக்கும் சதுப்பு நிலம். இதன் கிழக்குப் பகுதி வழியாக 1894-ல் ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். அஸ்திவாரம் எங்கே போடுவது? மரவேர்களையும் சுள்ளிகளையும் மெத்தை மாதிரி பரப்பி, அதன்மேல் டன் டன்னாக மண்ணும் சாம்பலும் கொட்டி, அதன்மேல் தண்டவாளத்தை 'மிதக்க' விட்டார்களாம். நம் சாயில் மெக்கானிக்ஸ் சார் கேட்டால் கிளாஸை விட்டுவிட்டு அங்கே ஓடிவிடுவார்.

அதைத் தாண்டியதும் கிளென்கோ. இரண்டு பக்கமும் மலைகள் ரோட்டின் மேலேயே சாய்வது போல நிற்கின்றன. 42 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்வாங்கிய எரிமலை அது. பிறகு பனியாறுகள் வந்து செதுக்கியிருக்கின்றன. உயரம் என்று பார்த்தால் பெரிதல்ல. பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸே 1,345 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்! ஆனால் இங்கே மலை கடல் மட்டத்திலிருந்தே நேராக எழும்புகிறது. ஒரு மரம்கூட மறைக்காது. அதனால்தான் அந்த மிரட்டல்.

1692 பிப்ரவரி 13 அதிகாலையில், இந்தப் பள்ளத்தாக்கில் மெக்டொனால்டு குலத்தார் ஏறத்தாழ 38 பேரை அரசுப் படைவீரர்கள் கொன்றார்கள். கொன்றவர்கள் அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் அவர்கள் வீட்டிலேயே விருந்தாளியாகத் தங்கி, அவர்கள் உணவையே சாப்பிட்டவர்கள். அக்கா அதைச் சொல்லிவிட்டு, "சாப்பாடு போட்ட வீட்டுக்கே..." என்று நிறுத்தினாள். எனக்குப் புளியோதரை தொண்டையில் நின்றது. அக்கா காசில் சாப்பிட்டுக்கொண்டு அக்காவிடமே பொய் சொல்பவன் என்ன ரகம்?

அன்றிரவு ஒரு கேம்ப் சைட்டில் நிறுத்தினோம். ஸ்காட்லாந்தில் 2003-ம் வருடச் சட்டப்படி நடந்து போகிறவர்கள் காடு மலையில் கூடாரம் போடலாம். வேனுக்கு அந்த உரிமை இல்லை. அத்தான் இதில் மகா கண்டிப்பு. "வெளிநாட்டுக்காரன் வண்டிய எங்க வேணா நிறுத்துவான்னு பேரு வாங்கக் கூடாது மாப்ளே!"

பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. லைட் போடாமலே புத்தகம் படிக்கலாம். (ஸ்டடி ஹாலிடேஸை அங்கே வைத்திருந்தால்கூட நான் படித்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.) அழகில் மயங்கி வேன் கதவைத் திறந்து வைத்ததுதான் தப்பாகப் போயிற்று. 'மிட்ஜ்' என்று ஒரு பூச்சி. எள்ளில் பாதி இருக்கும். காற்று நின்றதும் ஆயிரக்கணக்கில் வந்து மொய்த்தது. நம் ஹாஸ்டல் கொசு பாட்டுப் பாடி அனுமதி கேட்டுவிட்டாவது கடிக்கும். இது கேட்பதே இல்லை. காலையில் என் முகத்தைப் பார்த்து அத்தான், "சொரசொரப்பா பிளாஸ்டரிங் பண்ணாப்ல இருக்கு" என்றார்.

இரண்டாம் நாள் ஃபோர்ட் வில்லியம் ஊர். பென் நெவிஸ் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு கடைசி வரை முகம் காட்டவில்லை. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பானவி என்ற இடத்தில், கலிடோனியன் கால்வாயின் எட்டு அடைப்புத் தொட்டிகள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக ஏறுகின்றன. படகைத் தொட்டிக்குள் விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பினால் படகு ஒரு படி மேலே! இப்படியே சுமார் 20 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. பம்ப் கிடையாது, மேலேயிருந்து இறங்கும் தண்ணீர்தான் தூக்குகிறது. ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

இதைக் கட்டியவர் தாமஸ் டெல்ஃபோர்டு. 1757-ல் ஓர் ஆடு மேய்ப்பவருக்கு மகனாகப் பிறந்தவர். பிறந்த சில மாதத்தில் அப்பா இறந்துவிட்டார். 14 வயதில் கொத்தனாரிடம் வேலை பழகப் போனார். கல் செதுக்கிய அந்தக் கை பிறகு ரோடும் பாலமும் கால்வாயும் கட்டியது. 1820-ல் லண்டன் சிவில் எஞ்சினியர்கள் சங்கத்தின் முதல் தலைவரே அவர்தான்! "டிப்ளமோதானே" என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் இனி இந்தப் பெயரைச் சொல்லுங்கள் நண்பர்களே!

அவருக்கும் ஒரு குறை உண்டு. 1803-ல் தொடங்கிய கால்வாய், போட்ட எஸ்டிமேட்டையும் காலக்கெடுவையும் எங்கேயோ தாண்டி 1822-ல்தான் திறந்தது. அப்போதும் நினைத்த ஆழம் வரவில்லை. "பாத்தியா, டெல்ஃபோர்டுக்கே அரியர் இருந்திருக்கு" என்று அத்தான் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை கிளென்ஃபின்னன். ஹாரி பாட்டர் படத்தில் ரயில் போகுமே, அந்தப் பாலம்! சினிமாவில் பார்த்தது வேறு. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது வேறு. 21 வளைவுகள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் அகலம். மொத்த நீளம் 380 மீட்டர், உயரம் 30 மீட்டர். பாலம் முழுவதுமே அரிவாள் போல வளைந்து பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. 1897-ல் தொடங்கிய இந்தப் பாதையில் 1901 ஏப்ரலில் ரயில் ஓடியது. அந்த ஊர்ப் பாறை செதுக்க முடியாத கடினம். அதனால் அதை உடைத்து ஜல்லியாக்கி, எல்லாவற்றையும் கான்கிரீட்டிலேயே வார்த்துவிட்டார் ராபர்ட் மெக்ஆல்பைன் என்ற கான்ட்ராக்டர். 'கான்கிரீட் பாப்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். நண்பர்களே, கவனியுங்கள்: உள்ளே கம்பி கிடையாது! ஒரு முழம் கம்பிகூடக் கிடையாது!

"எப்படி அத்தான் நிக்குது?" என்று கேட்டேன்.

"சிவில் படிக்கிறவன் நீ. நீ சொல்லு மாப்ளே."

நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. நான்காம் செமஸ்டர் ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் 'ஆர்ச்' பாடத்தைத்தான் நான் முழுசாகச் சாய்ஸில் விட்டிருந்தேன். 21 வளைவுகளும் என்னைப் பார்த்து, "எங்களையாடா விட்டே?" என்று கேட்பது போலிருந்தது.

அத்தானே சொன்னார். "கான்கிரீட் எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தாத்தான் விரிசல் விடும். வளைவா கட்டும்போது மேல வர்ற பாரம் இழுவிசையா மாறாம, அமுக்கமாவே பக்கத்துக்குப் போகுது. ஒரு வளைவு பாரத்தப் பக்கத்து வளைவு மேல சாய்க்குது, அது அடுத்ததுமேல... கடைசில ரெண்டு கரையும் தாங்கிக்குது. தனியா நிறுத்தினா ஒண்ணும் நிக்காது."

அந்த நேரம் பார்த்து நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் அத்தானிடம் சொல்லிவிட்டேன். "அத்தான், எனக்கு ஒரு அரியர் இருக்கு. அக்காவுக்குத் தெரியாது."

அவர் ஆச்சரியப்படவில்லை. "அக்காகிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அங்கிருந்து கடலை நோக்கிப் போகும்போது இன்னொரு பாலம். ஒரு குதிரை வண்டியோடு கட்டுமானத் தூணுக்குள் விழுந்து அப்படியே புதைந்துவிட்டது என்று ஒரு கதை. நூறு வருடமாக அது கிளென்ஃபின்னன் தூணில் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2001-ல் ரேடார் வைத்துத் தேடியபோது இந்தப் பாலத்துத் தூணில்தான் இருந்தது! உள்ளே மறைத்தது என்றாவது ஒரு நாள் வெளியே தெரியத்தான் செய்யும் என்று எனக்காகவே சொன்னது போலிருந்தது.

கடைசி இரவு அரிசெய்க் அருகே கடற்கரை. வெள்ளை மணல், எதிரே எக், ரம் என்று இரண்டு தீவுகள். கடல்காற்று அடித்ததால் பூச்சி இல்லை. அக்கா அடுப்பில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். சூரியன் மறைய மனமில்லாமல் கடலுக்குப் பக்கத்திலேயே நின்றது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், வேன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா கிண்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எத்தன மாசமா?" என்றாள்.

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமா வாரா வாரம் போன்ல பேசினியேடா..."

அதற்குமேல் அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. தட்டில் உப்புமா வைத்தாள். கண் கலங்கியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பேசாமல் சாப்பிட்டோம். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். "இங்க நர்ஸா வரணும்னா இங்கிலீஷ் பரீட்ச பாஸாகணும். நான் ரெண்டு தடவ ரைட்டிங்ல ஃபெயில். அம்மாகிட்ட 'பரீட்ச தள்ளிப் போச்சு'ன்னு ரெண்டு தடவயும் சொன்னேன். மூணாந்தடவ எழுதற அன்னைக்கு, ஃபெயிலாயிடுவேனோங்கறதவிட அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமோன்னுதான் கை நடுங்கிச்சு. அந்தப் பாரம் உனக்கு வேணாம்டா."

அத்தான் மெதுவாக, "எனக்கு மேத்ஸ்" என்றார். "நாலு தடவ!" அக்கா திரும்பி அவரை முறைத்தாள். அது அவளுக்கே அன்றுதான் தெரியுமாம்! அந்த இரவில் முதல் தடவையாக மூவரும் சிரித்தோம்.

மறுநாள் திரும்பும் வழியில் ஃபோர்ட் வில்லியம் வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. நம் ரூம்மேட் அனுப்பிய பதினேழு மெசேஜ்! ரிசல்ட் வந்துவிட்டது. மெக்கானிக்ஸ் அரியர் பாஸ். ஸ்ட்ரக்சர்ஸ்... ஃபெயில். வளைவுகள் பழிவாங்கிவிட்டன!

வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, யோசிக்கவும் இல்லை. முன்சீட்டில் இருந்த அக்காவின் தோளைத் தொட்டு, "அக்கா, ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு" என்றேன். அவள் திரும்பி, "எது போச்சு?" என்று கேட்டாள். "ஆர்ச்" என்றேன். அத்தான் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

போக வர சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். வாங்கி வந்தது ஒரு சாக்லேட் பாக்கெட்டும், முகத்தில் பூச்சிக்கடித் தழும்பும்தான். ஆனால் ஊருக்குத் திரும்பும் பிளேனில் என் நெஞ்சில் அந்த மேகம் இல்லை.

ஜூனியர் நண்பர்களே, அரியர் விழுவது குற்றமல்ல. அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். பக்கத்தில் சாய ஒரு வளைவு எல்லாருக்கும் இருக்கிறது, அம்மாவோ அக்காவோ, பக்கத்துக் கட்டில்காரனோ. கம்பியே இல்லாமல் நூற்றிருபது வருடத்துக்கும் மேலாக ஒரு பாலம் ரயிலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, நாம் தாங்கமாட்டோமா?

இந்த மலர் அச்சுக்குப் போகும் இன்று, நவம்பர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. இம்முறை ஆர்ச் கேள்வியை விடவில்லை. படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும், முதல் போன் அக்காவுக்குத்தான்.