புகையிலையும் நாமும்

உலகிற்குத் தமிழ் வழங்கிய சொற்களுள் ‘சுருட்டு’ என்பதும் ஒன்று. அதுவே ஆங்கிலத்தில் ‘செரூட்’ என மருவிற்று. ஆயினும் புகையிலை தமிழ்மண்ணின் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவை அடைந்த பயிர் அது. வந்த பயிருக்குப் பெயர் சூட்டிய நம் முன்னோர், அதனைச் சுருட்டும் கலையிலும் தேர்ந்தனர். உறையூர்ச் சுருட்டு திருச்சிராப்பள்ளியின் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது.

இவற்றின் வகைகளை மாணவச் செல்வங்கள் அறிதல் நன்று. புகையிலையைப் புகையிலையாலேயே சுற்றுவது சுருட்டு. புகையிலைத் தூளை, நடு இந்தியக் காடுகளில் பறிக்கப்படும் தெந்து இலையில் சுருட்டி நூலால் கட்டுவது பீடி. நறுக்கிய புகையிலையைத் தாளில் அடைப்பது சிகரெட்டு, தமிழில் வெண்சுருட்டு. 1881இல் அமெரிக்கரான பொன்சாக் காப்புரிமை பெற்ற பொறியே அதனை மலிவாக்கி உலகெங்கும் பரப்பிற்று. பில்டர் உள்ளது, இல்லாதது, மெந்தால் கலந்தது எனச் சிகரெட்டிலும் பிரிவுகள் உண்டு. நம் நாட்டில் அதன் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து வரி விதிக்கின்றனர். மின் சிகரெட்டை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

வகைகள் பல, நஞ்சு ஒன்றே. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டால், ஹில் என்னும் அறிஞர்கள் 1950இலேயே வெளியிட்டனர். பில்டர் காக்கும் என்பதும், நாட்டு இலையாதலின் பீடி தீங்கற்றது என்பதும் வீண் நம்பிக்கைகளே. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நஞ்சு மிகுதியாகவே உட்செல்கிறது.

திருச்சுழிக் கரிசலில் பருத்தியும் மிளகாயும் பயிரிட்ட எம் அத்தா பீடி பிடிப்பவர். மழை பொய்த்த ஆண்டுகளில் பசிக்கும் கவலைக்கும் அதுவே துணை என்பார். ரமலான் மாதத்தில் பகல் முழுவதும் அதனைத் தீண்டார். நோன்பு திறந்ததும் கை சட்டைப்பையைத் தேடும். “பதின்மூன்று மணி நேரம் விட முடிகிறதே, முழுதும் விடலாகாதா?” என வினவினோம். “பகல்ல அல்லாஹ்வுக்குப் பயப்படுறேன், ராத்திரி பீடி கூப்பிடுதுப்பா” என்றார். நிகோடின் மனிதனை அடிமை கொள்ளும் விதத்தை இதனினும் தெளிவாக எந்நூலிலும் நாம் கற்றதில்லை. இறுதி மூன்றாண்டுகளில் பள்ளிவாசல் படியேறவும் அவருக்கு மூச்சு முட்டிற்று. வரிசையில் நின்று தொழுதவர், நாற்காலியில் அமர்ந்து தொழுதார்.

நெல்லைச் சீமையின் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் பலர். அக்கைகளை நாம் இகழோம். மாற்றுத் தொழில் காட்டாமல் அறிவுரை கூறுதல் அறமாகாது. ஆனால் அக்கூலியால் கல்லூரிக்கு வந்த பிள்ளையே வாயிற்புறத்தில் புகைத்து நிற்பதைக் காணும்போது நெஞ்சம் பதைக்கிறது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்றலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகிறது. நூறு கெஜத்துக்கு அப்பால் காப்பது சட்டமன்று, மன உறுதியே.

‘புகையிலை’ என்பதை வினைத்தொகையாகவும் விரிக்கலாம்: புகைந்த இலை, புகைகின்ற இலை, புகையும் இலை. இறந்த காலம் எம் அத்தாவோடு சென்றது. எதிர்காலம் மாணவர்தம் கையில் உள்ளது.