வெளிச்சம் வேறு, வெயில் வேறு

வெளிச்சமும் வெயிலும் ஒன்றே என்று எண்ணி நாம் பழகிவிட்டோம். வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால், இங்கிலாந்து நாட்டின் தென்பகுதியில் சில ஆண்டுகள் பங்குப் பணியாற்றியபொழுது, ஓர் ஆமையின் வாயிலாக இவ்வேறுபாட்டை நாம் அறிந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டியது.

நில ஆமைகளை வளர்ப்பது அந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குரு, இயற்கை ஆராய்ச்சியால் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய அத்தை 1780ஆம் ஆண்டு காலமானபின், அவர் வளர்த்த 'திமத்தி' என்ற ஆமை இவரிடம் வந்து சேர்ந்தது. இலையுதிர்காலத்தில் வெயில் மங்கும்போது, அந்த ஆமை சுவரின்மீது தன் ஓட்டைச் சாய்த்து நிறுத்திக்கொண்டு, மெலிந்த கதிர்களையும் வீணாக்காமல் ஏற்றுக்கொள்ளும் என்று அவர் வியந்து எழுதியுள்ளார். தனக்கு வேண்டிய வெயிலைத் தேடிக்கொள்ளும் அறிவு ஆமைக்கு உண்டு. ஆனால், தோட்டத்தை விட்டு அதனை அறைக்குள் கொண்டுவந்து வைத்தபின் அந்த அறிவினால் அதற்குப் பயனில்லை. வெயிலைத் தேடித் தரும் கடமை, கொண்டுவந்தவரைச் சேர்ந்துவிடுகிறது.

நமது பங்கைச் சேர்ந்த தமிழ்க் குடும்பமொன்றில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஹெர்மன் இன ஆமையொன்றைக் குஞ்சிலிருந்தே வளர்த்து வந்தாள். இத்தாலி, பால்கன் நாடுகள் முதலிய மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்களே அவ்வினத்தின் தாயகம். அதன் இரண்டாம் குளிர்காலத்தில் ஆமை இரை எடுப்பது குறைந்தது. நடை தளர்ந்தது. கெட்டிப்பட்டிருக்க வேண்டிய ஓடு, விரலால் அழுத்தினால் நெகிழ்ந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேரவில்லை என்றார் விலங்கு மருத்துவர்.

"தினமும் இலைமேல் சுண்ணாம்புத் தூள் தூவித்தானே கொடுக்கிறேன்? விளக்கும் நன்றாக எரிகிறதே, ஃபாதர்!" என்று அவள் கண்கலங்கிக் கேட்டபொழுது, நம்மால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. மருத்துவர் பொறுமையோடு விளக்கிய செய்திகளைக் கேட்ட பின்னரே உண்மை புலப்பட்டது.

கதிரவனின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள 'பி' வகைக் கதிர், தோலில் பட்டதும் அங்கே ஒரு முன்பொருளை உண்டாக்குகிறது. உடலின் வெப்பத்தால் அது வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. பின்னர் ஈரலும் சிறுநீரகமும் அதனைப் பக்குவப்படுத்துகின்றன. இச்சத்து குறைந்தால், உண்ட சுண்ணாம்பு குடலில் போதிய அளவு உறிஞ்சப்படுவதில்லை. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். 'பி' கதிரையோ ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, இங்கிலாந்தின் குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே செல்வதால், அம்மாதங்களில் திறந்த வெளியிலும் அக்கதிர் மிகச் சொற்பமே.

அக்குடும்பத்தினர் வாங்கியிருந்தது புற ஊதா விளக்குதான். ஆனால், அது ஆமைப் பெட்டியின் கண்ணாடி மூடிக்கு வெளியே பொருத்தப்பட்டிருந்தது. அன்றியும், இரண்டு ஆண்டுகளாக மாற்றப்படவேயில்லை. இத்தகைய விளக்கில் கண்ணுக்குத் தெரியும் ஒளி நெடுங்காலம் நிலைத்திருக்க, கண்ணுக்குத் தெரியாத கதிர் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. விற்ற கடைக்காரர் இதனைச் சொல்லியனுப்பவில்லை.

விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது? சுருள் வடிவச் சிறு விளக்கு மலிவானது. எனினும் அதன் கதிர் சிறிய பரப்பிலேயே விழும், சற்றுத் தொலைவிலேயே வலுவிழக்கும். 'டி-5' என்னும் மெல்லிய நீண்ட குழல்விளக்கு, பிரதிபலிக்கும் தகட்டோடு சேரும்போது, ஆமையின் உடல் முழுவதையும் நனைக்கும் அளவுக்குக் கதிரைப் பரப்பும். பெட்டியின் நீளத்தில் ஏறத்தாழப் பாதியளவு குழல் இருத்தல் நலம். பாதரச ஆவி விளக்கு வெப்பத்தையும் கதிரையும் ஒருங்கே தருமாயினும், அதன் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க இயலாது.

பொருத்தும் இடம் அதனினும் முக்கியமானது. விளக்கு எப்பொழுதும் தலைக்கு மேலேயே இருக்கவேண்டும். மேலிருந்து வரும் கதிரிலிருந்து கண்ணை இமையும் புருவ மேடும் காக்கும்; பக்கவாட்டில் வந்தால் காப்பில்லை. 12 விழுக்காடு எனக் குறிக்கப்பட்ட டி-5 குழலை 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பது வழக்கம். அந்த உயரத்தைத் தரையிலிருந்து அன்று, ஆமையின் முதுகிலிருந்து அளக்கவேண்டும். இடையே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. கம்பி வலையும் கதிரில் கணிசமான பகுதியைக் குறைத்துவிடும். வெப்ப விளக்கையும் அருகிலேயே பொருத்தி, ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் நிலவச் செய்யவேண்டும். ஏனெனில், இயற்கையில் வெப்பமும் கதிரும் ஒரே இடத்திலன்றோ கிடைக்கின்றன! பெட்டியின் மறுபாதி குளிர்ந்த நிழலாய் இருத்தல் வேண்டும். வேண்டியபோது விலகிச்செல்லும் உரிமை ஆமைக்கு உண்டு. பகலில் ஏறத்தாழ 12 மணி நேரம் விளக்கு. இரவில் முழு இருள்.

கதிரின் அளவைக் காட்டும் கையடக்கக் கருவியும் உண்டு. அதை வாங்க இயலாதோர், விளக்கின்மேல் பொருத்திய நாளை எழுதிவைத்து, தயாரிப்பாளர் குறித்துள்ள காலக்கெடுவில் மாற்றிவிடலாம். டி-5 குழலுக்கு அக்கெடு பெரும்பாலும் ஓராண்டு.

அச்சிறுமியின் தந்தை அவ்வாறே யாவற்றையும் மாற்றியமைத்தார், மருத்துவமும் தொடர்ந்தது. இளவேனில் முடிவதற்குள் ஆமை எழுந்து நடந்தது. ஓடும் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. ஆயினும், வளைந்து வளர்ந்துவிட்ட பகுதி நேராகவில்லை. இழந்த ஒரு குளிர்காலத்தின் அடையாளம் அதன் முதுகில் என்றும் இருக்கும்.

நம் நாட்டு நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நன்று. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் வீடுகளில் முறையாகப் பெற்ற ஆமை இருக்குமாயின், அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது என்பதை நினைவிற்கொள்ளட்டும். அதற்கு ஆண்டுதோறும் ஒரு புதிய விளக்கு வேண்டும். அச்செலவையும் கவனத்தையும் வாங்குமுன்னரே எண்ணிப்பார்ப்பதுதான் அவ்வுயிருக்கு நாம் செய்யும் முதல் நன்மை.