சிங்கராஜ வனத்திலே

இலங்கைத் தீவின் தென்மேற்குப் பாகத்திலே, சப்பிரகமுவ மாகாணமும் தென் மாகாணமும் கூடும் மலைச்சாரலிலே, களுகங்கைக்கும் ஜின்கங்கைக்கும் இடையில் அமைந்துள்ளது சிங்கராஜ வனம். வில்பத்துவையும் யாலையையும் கண்டு களித்த நம்மவர் பலர் மழை ஓயாத இவ்வனத்தின் பக்கம் சென்றதில்லை. யானையையும் சிறுத்தையையும் எளிதிற் காணமுடியாத காட்டிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். அவ்வினாவுக்கு விடை காணும் ஆவலுடன், பாடசாலை விடுமுறையொன்றின்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நாம் அங்கே புறப்பட்டோம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்கும், அங்கிருந்து கலவானைக்கும் பஸ் வண்டியிற் செல்லலாம். வழியெங்கும் வயல்களும், இறப்பர்த் தோட்டங்களும், வயலோரங்களிலே மாணிக்கக் குழிகளும் காட்சியளிக்கின்றன. கலவானைக்கு அப்பால் வெத்தாகல என்னும் ஊரைக் கடந்ததும் பாதை ஒடுங்குகிறது. சிறு தேயிலைத் தோட்டங்கள் மலையடி வரை நெருங்கி வருகின்றன. ஈற்றில் குடாவ என்னும் கிராமத்தை அடைந்தோம். இதுவே வனத்தின் வடமேற்கு வாயில். தெற்கே தெனியாயப் பக்கமாகவும் ஒரு வாயில் உண்டு.

வாயிலிலே அனுமதிச் சீட்டுப் பெற்றோம். வழிகாட்டி ஒருவருடனேயே உள்ளே செல்லவேண்டும் என்பது விதி. எமக்கு வாய்த்தவர் அயற்கிராமத்து இளைஞர். இலையொன்றையேனும் பறிக்கக்கூடாது, பாதையை விட்டு விலகக்கூடாது, பொலித்தீன் பைகளை எறியக்கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அட்டைக்கடிக்கு அஞ்சிக் காலுறைக்கு மேல் காலுறை அணிந்து, தூறலிலே நடக்கத் தொடங்கினோம்.

காட்டுப்பாதை என்றால் முள்ளும் கொடியும் மறிக்கும் ஒற்றையடிப் பாதையாக இருக்கும் என்றே பிள்ளைகள் எண்ணியிருந்தனர். ஆனால் நாம் நடந்த பாதையோ ஒரு லொறி தாராளமாகச் செல்லக்கூடிய அகலமுடையது. காரணம் கேட்டோம். "லொறி போவதற்காகவே வெட்டிய பாதைதான் ஐயா இது," என்றார் வழிகாட்டி. அச்சொல்லின் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

சிங்கராஜ வனத்தின் பெரும்பகுதி 1875ஆம் ஆண்டிலேயே, அக்காலத் தரிசு நிலக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒதுக்குக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஒதுக்குக் காடு என்றதும் கோடரி நுழையாத காடு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அது தவறு. ஒதுக்குக் காட்டிலே தனியார் மரம் வெட்டுவதையே சட்டம் தடுத்தது. அரசின் அனுமதியுடன் வெட்டுவதை அது தடுக்கவில்லை. ஆகவேதான் 1960களின் பிற்பகுதியில், ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டும் என்ற தீர்மானம் எழுந்தபோது, நூறாண்டு பழைய அப்பிரகடனம் வாய் மூடி நின்றது. இயந்திரங்கள் வந்தன, பாதை வெட்டப்பட்டது, விண்ணை முட்டிய மரங்கள் சாய்ந்தன.

அக்காட்டுக்காக மனிதர் சிலர் வாய் திறந்தனர். 1894ஆம் ஆண்டிலே தோன்றிய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக அப்போது விளங்கியவர் தைலோ ஹொஃப்மன். சுவிற்சர்லாந்திலே பிறந்து, 1946ஆம் ஆண்டில் விவசாய நிபுணராக இங்கே வந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். விஞ்ஞானிகளும் பொதுமக்களும் அவருடன் சேர்ந்து குரல் எழுப்பினர். 1977ஆம் ஆண்டில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இவ்வனத்தை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றுக்கொண்டது. 1988ஆம் ஆண்டில் தேசிய மரபுரிமை வனப் பகுதிகளுக்கெனத் தனிச்சட்டம் ஒன்று பாராளுமன்றத்திலே நிறைவேற, அச்சட்டத்தின் கீழ் சிங்கராஜ வனம் பிரகடனம் செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே உலக மரபுரிமைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. அப்பட்டியலிற் பதிவான பரப்பு 8,864 ஹெக்டேயர். ஏறக்குறைய 22,000 ஏக்கர்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். காக்கப்பட்ட நிலங்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. வில்பத்துவும் யாலையும் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட தேசிய பூங்காக்கள்; வனசீவராசிகள் திணைக்களம் அவற்றைப் பரிபாலிக்கிறது. சிங்கராஜமோ வனத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலேயும் படிகள் பல உள. கடுமையான இயற்கை ஒதுக்கிடத்திலே உல்லாசப் பிரயாணிகளுக்கு இடமில்லை. தேசிய பூங்காவிலே பார்த்துத் திரும்பலாம். சரணாலயத்தின் எல்லைக்குள்ளே தனியார் காணியும் இருக்கலாம். நமது வடபகுதியிலுள்ள சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து, 2015ஆம் ஆண்டிலேதான் தேசிய பூங்காவாக உயர்ந்தது. ஒரு நிலம் காக்கப்பட்டுள்ளது என்று கேள்விப்பட்டால், எச்சட்டத்தின் கீழ், எந்த அளவுக்கு என்று கேட்டறிவது அறிவுடைமை.

மீண்டும் பாதைக்கு வருவோம். மரம் வெட்டுண்ட இடங்கள் எவை என்று வழிகாட்டி காட்டியிராவிடில் நாம் கண்டிருக்கமாட்டோம். ஐம்பது ஆண்டுகளுக்குள் இளமரங்கள் நெருங்கி வளர்ந்துவிட்டன. எனினும் சற்று அப்பாற் சென்று, கோடரி படாத பகுதியை அடைந்தபோது வேறுபாடு விளங்கிற்று. அங்கே நெடிதுயர்ந்த அடிமரங்கள் தூண்கள் போல நிற்க, அவற்றின் கீழ் வெளிச்சம் மங்கி, காற்றும் அடங்கிக் கிடந்தது. இவ்வனத்து மரவினங்களிலே நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராதவை. பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியர், தம் சகபாடிகளுடன் இங்கே 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, சுட்டுவிரற் பருமனுள்ள கன்றுகள் வரை ஒவ்வொரு மரத்தையும் பதிவு செய்து ஆராய்ந்துள்ளனர்.

திடீரெனப் பறவைகளின் ஆரவாரம் கேட்டது. சிலம்பன் குருவிகள் முன்செல்ல, கொண்டையுடைய கரிக்குருவிகள் காவல் புரிய, பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக மரக்கிளைகளினூடே சென்றன. நீல உடலும், செங்கபில நிறத் தலையும், சிவந்த அலகும், நீண்ட வாலும் கொண்ட பறவையொன்றைக் கண்டு எம் இளைய மகள் கைகொட்டப் போனாள். அவளுடைய தமையன் அவள் கையைப் பற்றிக்கொண்டான். சிங்களத்திலே கெஹிபெல்லா எனப்படும் அப்பறவை நம் நாட்டுக்கே உரியது. இத்தகைய கலப்புக் கூட்டங்களைப் பேராசிரியர் சரத் கொட்டகம முதலியோர் 1981ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து வந்துள்ளனர்.

இனி ஓர் அதிசயத்தைக் கேளுங்கள். 2001ஆம் ஆண்டிலே, தீபால் வரகாகொட என்னும் பறவை ஆய்வாளர் இவ்வனத்திலே செந்நிறச் சிற்றாந்தை ஒன்றைக் கண்டார். விஞ்ஞான உலகு அதுவரை அறியாத இனம் அது. 2004ஆம் ஆண்டிலே அதற்குப் பெயர் சூட்டப்பட்டபோது, வனத்துக்காக வாதாடிய ஹொஃப்மனின் பெயரே அதன் விஞ்ஞானப் பெயரில் இடப்பட்டது. 1977இலே கோடரியை நிறுத்தியவர்கள் அவ்வாந்தையை அறியார். 1988இலே சட்டம் இயற்றியவர்களும் அறியார். எனினும் அவர்கள் காத்த காட்டிலே அது உயிர் பிழைத்திருந்தது. வனத்தை முழுமையாகக் காப்பதன் பயன் இதுவே. நாம் இன்னும் அறியாதனவும் அதனோடு சேர்ந்து காக்கப்படுகின்றன.

ஆயினும் சட்டத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே மனிதர் வாழ்கின்றனர். கித்துள் பாணியும், பிரம்பும், மருந்து மூலிகையும் காட்டிலிருந்தே பெற்றுப் பரம்பரையாகச் சீவித்தவர்கள் அவர்கள். 2020ஆம் ஆண்டிலே லங்காகம என்னும் கிராமத்துக்குச் செல்லும் வீதியை அகலமாக்க முற்பட்டபோது, அதன் ஒரு பகுதி வனத்தினூடே செல்வதால் நாடெங்கும் விவாதம் எழுந்தது. நோயாளியைக் கொண்டுசெல்ல வீதி வேண்டும் என்ற கிராமத்தாரின் கோரிக்கை பொய்யன்று. வீதி வந்தால் அதன் பின்னே வேறு பலவும் வரும் என்ற அச்சமும் பொய்யன்று. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது எளிதான காரியமா?

இதைக் குறித்து எம் வழிகாட்டியிடம் கேட்டோம். "எங்கள் அப்பா காட்டிலே கித்துள் சீவினார். நான் காட்டைக் காட்டிச் சம்பாதிக்கிறேன். காடு போனால் எனக்கு வேலை இல்லை," என்றார் அவர். அயலவனுக்குக் காட்டினால் வாழ்வு கிடைக்கும்போது, அவனே காவற்காரனாகிவிடுகிறான். வாயிலோரத்திலே காவல் எல்லையாக நடப்பட்ட பைன் மரங்களுக்கு இடையில், சுதேச மரக்கன்றுகளை நட்டு வளர்த்திருப்பதையும் அவர் பெருமையுடன் காட்டினார்.

சிங்கராஜம் செல்ல விரும்பும் குடும்பத்தினர் மழை சற்றுக் குறைந்திருக்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தைத் தெரிந்துகொள்வது நன்று. அட்டைக்கு உப்பும், மழைக்குக் குடையும் மறவாதீர்கள். பிள்ளைகளை அந்த அகன்ற பாதையிலே நடக்கவிட்டு, அது எவ்வாறு உண்டாயிற்று என்பதையும், அது ஏன் மேலும் நீளவில்லை என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.