வாசல் ஆணியில் ஒரு சிவப்புப் பை

வீசிங் வந்தவரைச் சுற்றி நாலு பேர் கூடினால் முதலில் கேட்பது, "என்ன செய்யுது, சொல்லுங்க" என்பதுதான். அவரால் சொல்ல முடியாது. ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் போவதையே கடுமையான தாக்குதலின் அடையாளமாக டாக்டர்கள் கணக்கில் வைக்கிறார்கள். எந்த மருந்து, எத்தனை தடவை, யாருக்குப் போன் போடுவது என்று எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அங்கே வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். சின்ன வயசிலிருந்தே இந்த இழுப்போடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அவசரப் பையில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்கிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: நம்மைத் தெரியாத ஒருவர் திறந்து பார்த்து, நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் நமக்கு உதவும்படி அந்தப் பையைக் கட்டுங்கள்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தது. ஹோமப் புகை வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "எலே, ஒரு சோடா வாங்கிட்டு வாலே" என்றார் ஒருவர். இன்னொருவர் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைக்கப் பார்த்தார். அது ஆகாத காரியம். நிமிர்ந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு விட லேசாக இருக்கும். அந்த அம்மாவின் கைப்பையைத் திறந்தால் மூன்று இன்ஹேலர்கள். ஒன்றுக்கு மூடி இல்லை, அதன் வாய்க்குள் ஒரு ஹேர்பின் போய் உட்கார்ந்திருந்தது. அப்படியே வாயில் வைத்து உறிஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! எது தினமும் எடுப்பது, எது அவசரத்துக்கு என்று சுற்றி நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் விரலை நீட்டினார். கை நடுக்கத்தில் மூன்றையும் காட்டுவது போலத்தான் இருந்தது. பந்தி பரிமாற வந்திருந்த பையன் ஒருவன், "எங்கம்மாவுக்கும் இது உண்டு" என்று சொல்லி, எழுத்துக்கூட்டிப் படித்து, சரியானதை எடுத்துக் கொடுத்தான்.

ஆக, பையில் மருந்து இருந்தால் மட்டும் போதாது. மருந்துக்கடையில் வெள்ளை பிளாஸ்டர் டேப் ஒரு சுருள் வாங்கி, இன்ஹேலர் மேல் ஒட்டி, மார்க்கர் பேனாவால் 'அவசரத்துக்கு இதுதான்' என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடத்தில் தளர்த்திவிடுவது சால்ப்யூட்டமால் போன்ற மருந்து. தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் உள்வீக்கத்தை மெதுவாகத் தணிப்பது. அதை மட்டும் வைத்துக்கொண்டு அவசரத்தைச் சமாளிக்க முடியாது. அதற்காக அதை விட்டுவிட்டு அவசர மருந்தை மட்டுமே நம்பிக்கொண்டிருப்பதும் ஆபத்து. இப்போது சில டாக்டர்கள் இரண்டு வேலைக்கும் ஒரே கூட்டு மருந்தைக் கொடுக்கிறார்கள். அப்படியானால் அதன்மேல் ஒட்டுங்கள். நீல நிறம் என்றால் அவசர மருந்து என்பது பொது வழக்கம்தான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், அதை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது.

அடுத்தது ஒரு அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை போதும். என் அட்டையில் இருப்பது இது: 'இவருக்கு ஆஸ்துமா. நிமிர்ந்து உட்கார வையுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் மாட்டுங்கள். ஒருமுறை அழுத்தினால் 4 மூச்சு. இப்படி 4 முறை. 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு மறுபடி இதையே செய்யுங்கள். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அது மருந்தின் குணம், பயந்து நிறுத்த வேண்டாம்.' இந்த நாலு நாலு கணக்கு ஆஸ்திரேலியாவில் முதலுதவியில் சொல்லிக்கொடுப்பது. இங்கிலாந்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம் இடைவெளி விட்டுப் பத்து பஃப் வரை போகச் சொல்கிறார்கள். உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டரைக் கேட்டு அவர் சொன்னதை எழுதுங்கள். என் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் சொக்கினாலோ நாலு நிமிடமும் பார்க்க வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்பேசர் இல்லாத இன்ஹேலரை நான் அரை மருந்து என்றே சொல்வேன். நேரே வாயில் வைத்து அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் போய்ப் படியும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும், மூச்சு முட்டுகிறவருக்கு அந்தத் தாளம் எங்கே வரும்? ஸ்பேசர் வெறும் கூடுதான். மருந்து அதற்குள் கொஞ்ச நேரம் நிற்கும், நாம் நம் வேகத்தில் இழுத்துக்கொள்ளலாம். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குத் தென்னாப்பிரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வழி கண்டார்கள். 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு அதையே ஸ்பேசராக்கினார்கள். கடை ஸ்பேசருக்கு அது சளைத்ததில்லை என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற பாட்டில்! ஸ்பேசரைக் கழுவினால் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைச் சுவரிலேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீடுகளில் நெபுலைசருக்குத்தான் பெரிய மரியாதை. புகை வருகிறது, சத்தம் போடுகிறது, ஆஸ்பத்திரிபோல இருக்கிறது. ஆனால் உயிருக்கே ஆபத்து என்ற நிலைக்குப் போகாத தாக்குதலில் ஸ்பேசரோடு கொடுக்கும் பஃப் அதற்குச் சமமாகவே வேலை செய்யும். ஸ்பேசருக்குக் கரண்டும் வேண்டாம்.

இனி வீட்டுச் சாமான்கள். என் பையில் ஒரு சைக்கிள் பெல் இருக்கிறது. பேத்தி பார்த்துவிட்டு, "ஆச்சி, எல்லாரும் விசில்தானே வைக்கச் சொல்லுவாங்க?" என்றாள். விசில் ஊத மூச்சு வேண்டாமா தாயி? நடுராத்திரி பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்ப, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பெல் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். ஒரு சின்ன டார்ச்: இழுப்பு விடிவதற்கு முன்னால், மூன்று நாலு மணிக்குத்தான் அதிகம் படுத்தும். பழைய வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று, ஏனென்றால் எக்ஸ்பயரி தேதியை அச்சடிக்கிறவர்கள் வயசானவர்களை நினைத்து அச்சடிப்பதில்லை. ஆட்டோவுக்குச் சில்லறையாகக் கொஞ்சம் பணம். மகன், மகள், எதிர்வீடு என்று நம்பர்கள் தாளில். செல்போனில் இருக்கிறதே என்பீர்கள், பூட்டியிருக்கிற செல்போனை யார் திறப்பது? மருந்துச் சீட்டின் ஜெராக்ஸ், முகமூடி இரண்டு, ஒரு பருத்தித் துண்டு.

ஜெராக்ஸின் ஓரத்தில் ஒத்துக்கொள்ளாத மருந்துகளையும் எழுதிவிடுங்கள். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பிரினும் சில வலி மாத்திரைகளும் இழுப்பைக் கிளப்பிவிடும். படபடப்புக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையும் அப்படித்தான். எங்கள் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது கண்ணழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து. கண்ணில் விடுவதுதானே என்று நெஞ்சு டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அது ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியது.

வைக்கக்கூடாதவை: கற்பூரத் தைலம், நெஞ்சில் தேய்க்கும் டப்பா, தூக்க மாத்திரை. காரமான வாசனையே பலருக்கு இழுப்பைக் கிளப்பும். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை இழுப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதில் விஷயம் இருந்தது. 1802 வாக்கில் சென்னையிலிருந்து ஊர் திரும்பிய ஆங்கிலேயத் தளபதி ஒருவர் அந்தப் புகை வைத்தியத்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார், பிறகு அங்கே ஆஸ்துமாச் சுருட்டாகவே அது விற்பனைக்கு வந்தது. அதே இனத்துச் சரக்கை ஆய்வுக்கூடத்தில் திருத்தி எடுத்ததுதான் இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம். அதனால் இலையையே பிடிக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஊமத்தை விஷம், எந்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து கொடுக்கிற டப்பா 1956-இல்தான் வந்தது. அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகள் ஆஸ்துமாக்காரி. கண்ணாடிக் குடுவையும் ரப்பர் பந்துமாக இருந்த கருவியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதையும் ஒரு டப்பாவில் அடைத்துத் தரக் கூடாதா என்று அப்பாவிடம் கேட்டாளாம். பிள்ளைகள் கேட்டால்தான் சில காரியம் நடக்கிறது.

பையின் இடம் முக்கியம். பீரோவில் பூட்டாதீர்கள், ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள், நிறுத்திய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அழுத்தம் ஏற்றிய டப்பா, சூடு ஆகாது. எங்கள் வீட்டில் வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில், தோள் உயரத்தில் சிவப்பு ஜிப் பையாகத் தொங்குகிறது. ரயிலில் போனால் மடியில் இருக்கும், பெர்த்துக்கு அடியில் பெட்டிக்குள் போகாது. கேஸ் சிலிண்டர் மாற்றுகிற நாளில் பையையும் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். மருந்து தீர்ந்த பிறகும் டப்பா உஸ்ஸென்று காற்றை விடும், தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் சரியான சோதனை இல்லை. எண் காட்டும் வகையாக இருந்தால் எண்ணைப் பாருங்கள். இல்லையென்றால் திறந்த தேதியை அதே டேப்பில் எழுதி வையுங்கள். அதிகம் விற்கும் டப்பாவில் 200 பஃப்தான்.

எல்லாம் வைத்த பிறகு ஒரு சோதனை. வழக்கமாக வரும் ஆட்டோக்காரத் தம்பியிடம் பையைக் கொடுத்து, "எனக்கு இழுப்பு வந்துட்டுன்னு வச்சுக்கோ, நான் வாயே திறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அட்டையைப் படித்தான், இன்ஹேலரை எடுத்தான், ஸ்பேசரை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல எந்தப் பக்கம் ஆச்சி உங்க வாய்க்கு?" நான் வாயைத் திறக்கவில்லை. அவன் விழித்தான். அன்றைக்கே ஒரு துண்டு டேப்பை வெட்டி ஸ்பேசரின் அந்த முனையில் 'வாய்' என்று எழுதி ஒட்டினேன்.

பையைத் திறக்க நேர்ந்தால், எத்தனை மணிக்கு எத்தனை பஃப் கொடுத்தோம் என்று அட்டையின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதற்காகத்தான் பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸில் வருகிறவரும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற டாக்டரும் கேட்பது அதைத்தான். பையும் கூடவே வண்டியில் ஏறட்டும். திரும்பி வரும்போது மருந்துக்கடையில் நிறுத்தி, குறைந்ததை வாங்கி அதில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.